எட்டாம் நம்பர் சல்லடைக் கோழி

பெண் வீட்டார் முதன்முதலாக வீடு பார்க்க வரும் நாளில், மாப்பிள்ளையாகப் போகிறவன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாயை மூடிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. இதை ஒழுங்காகச் செய்தவர்கள் எல்லாம் கல்யாணம் முடித்து, பிள்ளை குட்டிகளோடு நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த நாற்காலியில் உட்காரப் புத்தி வரவில்லை. நான் பிரேசில் நாட்டுக் கோழி சுடப் போனேன்.

(பிரேசில் எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. காப்பி விளையும் ஊர் என்பது மட்டும் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் வாங்குகிறவன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்கக் கூடாது.)

ஐம்பதுகளின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் கொழுந்தைத் தேயிலையாக்கும் வேலையை மேற்பார்க்கும் சின்ன டீமேக்கர் நான். எனக்கு மேலே பெரிய டீமேக்கர் வைத்திலிங்கம் ஐயா. ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுவார், ஆனால் மூக்கு இருக்கிறதே, அது தனிப்பிறவி. நான் காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதை நான் வாசல்படி ஏறும்போதே சொல்லிவிடுவார். அவர் கையால் போன தேயிலையில் வாசனைக் குற்றம் என்று கொழும்பிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. அதுதான் அவருடைய சொத்து, நகை நட்டு எல்லாம்.

தேயிலைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் சட்டென்று இழுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். அதனால் ஸ்டோருக்குள் வெங்காயம் கூடாது, கருவாடு கூடாது, வாசனைச் சோப்புக்கூடக் கூடாது. இந்தச் சட்டத்தைப் பெரியவர் அன்பாகச் சொல்வார். புதிதாகப் பதவிக்கு வந்த நான் போலீஸ்காரன் மாதிரி சொல்வேன். தேயிலை பொறுக்கும் பெண்களில் ராமாயி அக்கா என்று ஒருவர். ஒருநாள் தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்துவிட்டார். தம்பி மகளின் சடங்கு வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார். நான் இடுப்பில் கைவைத்து நின்று, தேயிலையின் தன்மை பற்றி ஒரு பிரசங்கம் செய்து, பூவை எடுக்க வைத்துத்தான் உள்ளே விட்டேன். பெரியவர் அதைக் கேள்விப்பட்டு, "கண்டிச்சது சரிதான் தம்பி, பிரசங்கம்தான் கொஞ்சம் நீளம்" என்றாராம்.

அந்தப் பெரியவருக்கு ஒரே மகள், பூரணி. ஹட்டனில் தங்கிப் படித்துவிட்டு வந்திருந்த பெண். மாரியம்மன் தேர் அன்று கூட்டத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். (எனக்குப் பின்னால் ஒரு ஆட்டுக்குட்டி செருப்பைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்ததாகப் பிற்பாடு தெரிந்தது.) எப்படியோ, என் அம்மா தூது விட்டார், அவர்களும் சம்மதித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வருகிறோம், சாப்பிட்டதும் வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார்கள். தட்டு மாறிவிட்டால் சம்பந்தம் முடிவு. அதற்குப் பிறகு யாரும் பின்வாங்குவது வழக்கம் இல்லை. நான் அந்தத் தட்டை நினைத்து நினைத்தே தூக்கம் கெட்டேன்.

சரியாக அந்த வாரம் பார்த்து என் அக்காவின் கணவர் வந்து சேர்ந்தார். கப்பலில் சாப்பாடு பரிமாறும் வேலை. தோட்டத்தில் எல்லோரும் அவரைக் கப்பல்காரர் என்பார்கள், எனக்கு மச்சான். தலவாக்கலையில் கோச்சியை விட்டு இறங்கும்போதே இரண்டு நாட்டுக் கதைகளை ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி முடித்திருப்பார். பெண் வீட்டார் வருகிற செய்தி கேட்டதும் கேட்டார், என்ன சமையல் என்று. கோழிக்குழம்பு என்றார் அம்மா.

"கொழம்பா?" என்று மச்சான் முகத்தைச் சுளித்தார். "கொழம்பு அவங்க வீட்லயே இருக்குங்களே அத்தை. பிரேசில்ல, சாந்தோஸ் துறைமுகத்துல ஒரு கோழி சாப்பிட்டேன். அத மட்டும் செஞ்சு போட்டா, பெரிய டீமேக்கரு பொண்ண இன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போன்னு சொல்லிடுவாரு."

முறை இதுதான். கோழியை முதுகுப்பக்கம் பிளந்து, புத்தகம் விரிப்பது போல விரிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு, உப்பு, மிளகு, அரைத்த வெங்காயம், கொஞ்சம் பியர் எல்லாம் கலந்து, அதில் ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும். மறுநாள் கணகணவென்ற தணலின் மேல் கம்பியில் வைத்து, திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். அவ்வளவுதான். மிளகாய்த்தூள் கிடையாது, மல்லித்தூள் கிடையாது, தேங்காய்ப்பால் கிடையாது.

அம்மா என்னைப் பார்த்தார். "மசாலா இல்லாமக் கோழியா? காச்சக்காரனுக்குக் குடுக்கிற மாதிரியில்லடா இருக்கு" என்று என்னிடம்தான் சொன்னார். மச்சானிடம் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த மருமகன் ஒன்று சொல்லி அதை மாமியார் மறுத்துப் பேசுவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். நான் மறுத்திருக்கலாம். எனக்கோ, பிரேசில் கோழி தின்ற வாயோடு பெரியவர் என்னைக் கட்டிப்பிடிக்கும் காட்சி கண்ணுக்குள் வந்துவிட்டது. சனிக்கிழமை கடைவீதிக்குப் போய்ப் பூண்டும் எலுமிச்சையும் ஒரு போத்தல் பியரும் வாங்கிவந்தேன். ஊறப்போட்டதுபோக மிச்சமிருந்த பியரை மச்சான் வீணாக விடவில்லை.

ஞாயிறு விடிந்தது என்று சொல்வது மரியாதைக்கு. விடியவே இல்லை. மழை. எங்கள் பக்கத்து மழைக்கு ஒரு நேரம் காலம் கிடையாது, பிடித்தால் பிடித்ததுதான். வெளியே மூட்டிய அடுப்பு மூன்று முறை அணைந்தது. வீட்டு விறகு ஊதினால் புகைந்தது, ஊதாவிட்டால் அதுவும் இல்லை. சமையல்கட்டுக்குள் அம்மா நெய்ச்சோறு வைத்துக்கொண்டு எங்களை அண்டவிடவில்லை. ஊறிய கோழிகள் இரண்டும் சட்டிக்குள் விரிந்து கிடந்தன. மச்சான் வாசலில் நின்று மழையைப் பார்த்து, இந்த ஊரில் மனுசன் வாழ்வானா என்றார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் வந்த யோசனைகளிலேயே இதுதான் மிகப் பெரியது.

அன்று ஸ்டோர் என் பொறுப்பில் இருந்தது. சனிக்கிழமை பறித்த ஈரக் கொழுந்து மேல்மாடியில் தட்டுத் தட்டாகப் பரப்பியபடி கிடந்தது. வெயில் நாள் என்றால் கொழுந்து தானாக வாடும். மழை நாளில் கீழே பெரிய விறகடுப்பை எரித்து, அந்தச் சூட்டை ஒரு ராட்சதக் காற்றாடியால் மாடிக்கு இழுத்து வாட வைப்போம். "நான் குளிச்சுக் கெளம்பி உங்க வீட்டுக்கு வரணுமில்லையா, மத்தியானம் வரைக்கும் கொழுந்த நீங்க பாத்துக்குங்க தம்பி" என்று பெரியவர் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் அப்படி ஒப்படைத்தது அதுதான் முதல்தடவை.

தோட்டத்திலேயே காய்ந்த விறகும் கணகணவென்ற தணலும் இருக்கும் ஒரே இடம் அந்த அடுப்புதான். அடுப்புக்காரரை, ஞாயிற்றுக்கிழமைதானே, வீட்டுக்குப் போய் ஆறுதலாகச் சாப்பிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். அவர் என்னை வாழ்த்திக்கொண்டே போனார். நானும் மச்சானும் கம்பளிக்குள் சட்டியை மறைத்து எடுத்துவந்தோம். அடுப்பிலிருந்து தணலை வாரித் தரையில் பரப்பினேன். கம்பிக்கு எங்கே போவது? மூலையில், தேயிலை சலிக்கிற பழைய சல்லடை ஒன்று ஓரம் கிழிந்து ஒதுக்கிப் போட்டபடி கிடந்தது. அதைச் செங்கல் மேல் வைத்துக் கோழிகளைப் படுக்க வைத்தேன்.

கொழுப்பு சொட்டியது. புகை குப்பென்று எழுந்தது. பூண்டும் எலுமிச்சையும் கோழியும் சேர்ந்து கருகுகிற அந்த வாசனையை இப்போது எழுதும்போதும் எனக்கு எச்சில் ஊறுகிறது. ஒரே ஒரு விஷயம் எங்களை ஆச்சரியப்படுத்தியது. அவ்வளவு புகை எழுந்தும் கண் எரியவில்லை. வந்த வேகத்தில் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியா மச்சான், பிரேசில் மொறையில கண்ணே எரியாது" என்றார் மச்சான்.

நான் தலையாட்டினேன். தலைக்கு மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஓடுகிற சத்தம் என்பதால் காதில் விழவில்லை. ராமாயி அக்காவின் ஒரு முழம் மல்லிகைக்குப் பிரசங்கம் செய்த ஆள், இரண்டு கோழியின் புகையை மாடி முழுக்கக் கிடந்த கொழுந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பெரியவரும் அவர் மனைவியும் குடை பிடித்து வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மாள் சிறு வயதிலிருந்தே அசைவம் தொடாதவர். அவருக்குப் பருப்பும் கத்தரிக்காயும் தனியாகச் செய்து, தனி அறையில் இலை போட்டிருந்தோம். பெரியவர் முன்னால் கோழி வந்தது. மச்சான் பக்கத்தில் நின்று சாந்தோஸ் துறைமுகத்தை விவரித்தார். பெரியவர் ஒரு துண்டைப் பிய்த்து, தேயிலை ருசி பார்ப்பது போலவே நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

எலுமிச்சை, பூண்டு, மிளகு, வெங்காயம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பியரையும் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்து, மிளகாய்த்தூளும் மஞ்சளும் இருக்கிறது என்றார். மச்சான் திடுக்கிட்டு, பிரேசிலில் அது கிடையாதே என்றார். அம்மா சட்டென்று தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். (எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்து கோழிக்கு மிளகாய்த்தூள் தடவியிருக்கிறார். மருமகனை மறுத்துப் பேசத்தான் கூடாது, மறுத்துத் தடவலாம்போல.)

பெரியவர் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார். மூன்றாவது துண்டைக் கையில் எடுத்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கோழி மேல நம்ம எட்டாம் நம்பர் சல்லடை மாதிரி கட்டம் விழுந்திருக்கு?"

(ஸ்டோரில் ஒவ்வொரு சல்லடைக்கும் கண்ணின் அளவை வைத்து ஒரு நம்பர் உண்டு.) மச்சான்தான் காப்பாற்றினார். "சாந்தோஸ்ல எல்லாம் இப்படித்தான் கட்டம் போட்டுச் சுடுவாங்க மாமா." சம்பந்தமே முடியவில்லை, அதற்குள் மாமா. பெரியவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வெற்றிலைத் தட்டு தயாராக மேசை மேல் இருந்தது.

கை கழுவி வந்த பெரியவர், தட்டில் கைவைக்கும் முன்பு, கொழுந்து எப்படி வாடியிருக்கிறது என்று ஓரெட்டுப் பார்த்துவிட்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்து பேசலாம் என்றார். மாப்பிள்ளை வேலை செய்கிற இடத்தை நானும் பார்க்கிறேன் என்று அவர் மனைவியும் எழுந்தார். மூவருமாக மழையில் ஸ்டோருக்குப் போனோம்.

மாடிக்கு ஏறியதும் பெரியவர் வழக்கம்போல ஒரு கைப்பிடிக் கொழுந்தை அள்ளி முகர்ந்தார். அப்படியே நின்றார். பிறகு தன் உள்ளங்கையை முகர்ந்தார். கீழே போய், குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, வேறு தட்டில் அள்ளி முகர்ந்தார். மறுபடியும் கீழே போனார். இந்தமுறை குழாயடியில் இருந்த சாம்பலைப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். முகர்ந்தார். அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கெடுத்துட்டேனே தம்பி" என்றார். "கோழி தின்ன கையோட வந்து கொழுந்தத் தொட்டுட்டேன். இத்தன வருசத்துல நான் இப்படிச் செஞ்சதில்ல."

அந்தக் கணத்தில்தான் தலைக்கு மேலே ஓடிய காற்றாடிச் சத்தம் எனக்குக் கேட்டது. எல்லாம் புரிந்துவிட்டது. அந்த நல்ல மனிதர் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இவர் முகம் இப்படி இருக்கக் கூடாது என்றிருந்தது. "உங்க கை இல்லைங்க ஐயா" என்றேன்.

கோழி தொடாத அந்த அம்மாளின் மூக்குதான் அன்று அந்த ஸ்டோரிலேயே சுத்தமான மூக்கு. முந்தானையால் அதைப் பொத்திக்கொண்டு, "ஒங்க கை இல்லைங்க. மாடி பூரா வீசுது. கீழருந்துதான் வருது" என்றார். சொல்லிவிட்டு வாசனை பிடித்தபடி படியிறங்கினார். நாங்கள் பின்னாலேயே போனோம். நேராக அடுப்பண்டை போய் நின்றார். தணல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. செங்கல் மேல் கொழுப்புப் படிந்த சல்லடை. அம்மாள் அதை இரண்டு விரலால் தூக்கிக் கணவரிடம் நீட்டினார்.

பெரியவர் வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"எட்டாம் நம்பருதான்" என்றார்.

திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்றாடியை நிறுத்தி, ஜன்னல்களை எல்லாம் திறந்து, ஆட்களைக் கூப்பிட்டனுப்பினார். அந்தக் கொழுந்தை மற்றதோடு சேர்க்காமல் தனியாக அரைத்து, தனியாகக் காய வைத்து, தனிப் பெட்டியில் போட ஏற்பாடு செய்தார். அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வராமல் ஸ்டோரிலிருந்து நேரே தன் வீட்டுக்குப் போய்விட்டார். மேசை மேல் வெற்றிலை வாடிக்கொண்டிருந்தது. மச்சான் மாலைக் கோச்சியிலேயே கொழும்புக்குக் கிளம்பினார், கப்பல் சீக்கிரம் புறப்படுகிறது என்று. எந்தக் கப்பல் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, தேயிலை ருசி பார்க்க, தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை வந்தார். கோப்பைகளை வரிசையாக வைத்திருப்போம். துரை ஒவ்வொன்றாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிக்கொண்டே போவார். கடைசிக் கோப்பையை உறிஞ்சினார். துப்பவில்லை. கன்னம் உப்பியபடி நின்றார், கண் மட்டும் அங்குமிங்கும் ஓடியது. பிறகு மெதுவாக விழுங்கினார். துரை தேயிலை விழுங்கி அன்றுதான் பார்த்தோம்.

இது என்ன என்று கேட்டார் துரை.

"கோழிங்க துரை" என்றார் பெரியவர். தன் பொறுப்பில் உள்ள ஸ்டோர், குற்றமும் தன்னுடையது என்று சொல்லி, நடந்ததை மறைக்காமல் சொன்னார். துரை இன்னொரு மிடறு குடித்துப் பார்த்தார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. இது கொழும்புக்குப் போகக் கூடாது, தோட்டத்து உத்தியோகத்தர்களே பங்கு போட்டுக் குடித்துத் தீர்க்கட்டும் என்றார். என்னை அந்த மழைக்காலம் முடியும்வரை விறகுக் கொட்டகைக்கு மாற்றினார். விறகுக்கு எந்த வாசனையும் ஒட்டாது என்பது காரணம்.

கொட்டகைக்குப் போகும் வழியில் ராமாயி அக்கா நின்றிருந்தார். தலை நிறைய மல்லிகை.

"ஐயா, பூ இருக்கட்டுங்களா?" என்றார், மிகுந்த பணிவோடு.

இருக்கட்டும் என்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் விறகை எண்ணவில்லை, விறகுதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூரணி இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேறவில்லை. அம்மா ஒரு குறையும் சொல்லாமல் மூன்று வேளையும் கோழியில்லாச் சாப்பாடு போட்டார். வெள்ளிக்கிழமை மாலை வாசலில் ஒரு குடை தெரிந்தது. பெரியவர். பின்னால் அவர் மனைவி. அந்த அம்மாள் கையில் துணி போட்டு மூடிய ஒரு தட்டு.

அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். பெரியவர் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் அம்மாவிடம் பேசினார்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போயி, இந்த எடம் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்மா. மகள்கிட்ட நடந்ததச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. கோழி நல்லா இருந்துச்சாப்பான்னு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாக்கு விசயத்துல நான் பொய் சொன்னதில்ல. அஞ்சு நாளு யோசிச்சுப் பாத்தேன், நல்லா இல்லன்னு சொல்ல முடியல. நல்லாத்தான் இருந்துச்சும்மான்னு இன்னைக்குச் சொல்லிட்டேன். அப்ப தட்ட மாத்திக்குங்கப்பா, தேயிலைய நீங்க பாத்துக்குங்க, கோழிய அவரு பாத்துக்கட்டும்னுட்டா."

நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக விசும்பி அழுதேன். பெரியவரின் மனைவி என் அம்மாவிடம் தட்டை நீட்டும்போது மூக்கை லேசாக உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் நீட்டினார்.

தையில் கல்யாணம். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுத்தோம். உத்தியோகத்தர் பங்காக வந்த தேயிலைதான், வீணாக்குவானேன். விருந்தாளி ஒருவர் குடித்துவிட்டு, பந்தியில் கோழி உண்டா என்று ஆவலோடு விசாரித்தார். என் மாமியார் மட்டும் தன் மகள் கல்யாணத்தில் சுடுதண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகு நான் பிரேசில் கோழி சுடாத வருடம் இல்லை. வெட்டவெளியில், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பூரணி பார்த்துச் சொன்ன பிறகு. அம்மா இருந்தவரை மிளகாய்த்தூள் தடவினார், மாமா இருந்தவரை அதைக் கண்டுபிடித்தார். ஆனால் நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தால் மட்டும், மாமா கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு முறை முகர்ந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவருக்குப் பிறகு அந்தப் பழக்கத்தைப் பூரணி எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துச் செய்தார்கள்.

போன மாதம் என் பேத்தி வந்திருந்தாள். கொழும்பில் வளர்ந்த பிள்ளை, ஸ்டோரும் தெரியாது, சல்லடையும் தெரியாது. நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வாங்கினாள், முகர்ந்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், குடித்தாள்.

ஏன் முகர்ந்தாய் என்று கேட்டேன்.

"தாத்தா குடுத்தா மோந்து பாத்துட்டுத்தானே குடிக்கணும்?" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பது போல.